டெஸ்க்டாப்ல மட்டும் வைஃபை இழுக்குதா? முதல்ல சிபியு எங்க இருக்குன்னு பாருங்க

போன்ல வீடியோ நிக்காம ஓடும், அதே ரூம்ல அதே வைஃபைல டெஸ்க்டாப்ல மெயில் தொறக்க அரை நிமிஷம் சுத்தும், நடுநடுவுல வைஃபை ஐகான் இருந்த இடத்துல உலக உருண்டை வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். இந்த கம்ப்ளெயின்ட்டோட யாராவது எனக்கு போன் பண்ணா நான் ரவுட்டர் என்ன மாடல், பிளான் எவ்வளவுன்னெல்லாம் கேக்குறதில்ல, "சிபியு எங்க வச்சிருக்கீங்க?"ன்னுதான் முதல்ல கேப்பேன். முக்காவாசி நேரம் ஒரே பதில்தான். மேஜைக்கு அடியில, செவத்த ஒட்டி.

அங்கதாங்க பாதி வியாதி. லேப்டாப்புக்கு ஆன்டெனா பெரும்பாலும் ஸ்கிரீன் ஓரத்துல மேல இருக்கும், போன் எப்பவும் கையில இருக்கும், டெஸ்க்டாப்போட ஆன்டெனா மட்டும் ஒரு தகர டப்பாவுக்குப் பின்னாடி, முழங்காலுக்குக் கீழ, செவத்துக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்குற நாலு விரக்கடை சந்துல ஒட்டடையோட ஒக்காந்திருக்கும். ரவுட்டர் ஹால்ல இருந்து கத்துறது அதோட காதுல விழணும்னா செவுரு தாண்டி, மேஜை தாண்டி, அந்த தகரத்தையும் தாண்டி வரணும்.

என் மச்சினன் திருச்சியில இருக்கான், மாடி ரூம்ல ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணி வச்சிருக்கான், கீழ ஹால்ல 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஒரு மாசமா புலம்பல். "மாமா, கஸ்டமர் கேர்ல எல்லாம் கரெக்டா இருக்குங்கறாங்க, எனக்கு 5 கூட வரல"ன்னு. ரெண்டு தடவை விண்டோஸ் மாத்திப் போட்டுட்டான், யூடியூப் பாத்து டிஎன்எஸ் (சைட் பேரை நம்பரா மாத்திச் சொல்ற சர்வர்) மாத்திட்டான், கடைசியா பிளானை 300-க்கு ஏத்தப் போறேன்னு நின்னான். நான் போய் டார்ச் அடிச்சு பின்னாடி பாத்தா, மதர்போர்டுலேயே வைஃபை இருக்குற மாடல், ஆன்டெனா மாட்டுற ரெண்டு தங்கக் கலர் திருகு மொட்டையா நிக்குது. ஆன்டெனா எங்கடான்னா, "அது என்னது?"ங்கறான். பரண்ல இருந்த மதர்போர்டு டப்பாவை எறக்கினா, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம ரெண்டு குச்சியும் பத்திரமா இருக்கு. திருகி மாட்டினோம், அஞ்சு இருந்த எடத்துல அம்பதுக்கு மேல வந்துச்சு. இதுல அவனை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடையிலயும் யாரும் சொல்லல.

அதனால எந்த செட்டிங்கையும் தொடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு பின்பக்கம் பாருங்க. ரெண்டு திருகு இருந்தா ரெண்டுலயும் குச்சி இருக்கணும், கையால இறுக்கமா திருகியிருக்கணும், பிளையர் எல்லாம் வேணாம். அந்த மாதிரி போர்டுல புளூடூத்தும் அதே ஆன்டெனாவைத்தான் நம்பி இருக்கும், அதனால புளூடூத் மவுஸ் திக்கித் திக்கி போறது, ஹெட்செட் கரகரங்கறது இதெல்லாமும் சேந்து இருந்தா பெரும்பாலும் ஆன்டெனா கேசுதான்.

சரி, ஆன்டெனா ஒழுங்கா இருக்கு, அப்பவும் இழுக்குதுன்னா, கோளாறு எந்தப் பக்கம்னு பிரிச்சுப் பாக்கணும். வெளிய இருந்து வீட்டுக்கு வர்ற லைன் ஒண்ணு, ரவுட்டர்ல இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் காத்துல வர்றது ஒண்ணு, கம்ப்யூட்டர் உள்ள இருக்குற வைஃபை கார்டும், அதை ஓட்டுற சாஃப்ட்வேரான டிரைவரும் ஒண்ணு. இந்த மூணுல எதுன்னு தெரியாமத்தான் எல்லாரும் எல்லாத்தையும் மாத்திப் பாத்து ஏற்கெனவே நல்லா இருந்ததையும் கெடுத்து வச்சுக்கறோம்.

பிரிக்கிறதுக்கு பத்து நிமிஷம் போதும். கமாண்ட் பிராம்ப்ட் (விண்டோஸ்ல cmd-ன்னு தேடினா வர்ற கருப்பு விண்டோ) தொறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) இங்கிலீஷ்ல அடிச்சா டிஃபால்ட் கேட்வேன்னு ஒரு நம்பர் வரும், 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 இந்த மாதிரி, அதுதான் உங்க ரவுட்டர். இப்ப பிங்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ், அந்த நம்பர், இன்னொரு ஸ்பேஸ், மைனஸ் டி போட்டு (ping 192.168.1.1 -t மாதிரி) என்டர் தட்டுங்க, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு காட்டிக்கிட்டு அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இன்னொரு விண்டோவுல அதே மாதிரி 8.8.8.8-க்கு ஓட விடுங்க, அது கூகுளோட டிஎன்எஸ் சர்வர், எப்ப தட்டினாலும் பதில் சொல்ற ஆளு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு வழக்கமா பண்ற வேலையைப் பண்ணுங்க, எப்ப திக்குதோ அப்ப ரெண்டையும் பாருங்க.

ரவுட்டருக்கு போற பிங் 1, 2, 5 மில்லிசெகண்ட்னு அமைதியா ஓடிட்டு 8.8.8.8 மட்டும் 300, 500-ன்னு குதிச்சா இல்ல டைம் அவுட் ஆனா, உங்க வைஃபை மேல தப்பே இல்ல, லைன் பக்கம்தான் கோளாறு, இல்லன்னா வீட்டுல வேற யாரோ லைனை அடைச்சுட்டிருக்காங்க. ரவுட்டருக்கு போற பிங்கே 80, 200, ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்னு வந்தா, கஸ்டமர் கேருக்கு போன் பண்றது வேஸ்ட். கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான், காத்துலயோ கம்ப்யூட்டர்லயோ.

காத்தா கம்ப்யூட்டரான்னு கண்டுபுடிக்க ஒரு சின்ன வித்தை இருக்கு, இது எனக்கு ரொம்பப் புடிச்சது. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபைல கனெக்ட் பண்ணி, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, சார்ஜர் ஒயரால டெஸ்க்டாப்ல குத்தி, யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. பெரும்பாலான போன்ல வைஃபை நெட்டை அப்படியே ஒயர் வழியா கம்ப்யூட்டருக்கு குடுக்கும், அதாவது உங்க போனே ஒரு வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்ல குத்துற குட்டி வைஃபை கருவி) ஆயிடும். இப்ப டெஸ்க்டாப்போட சொந்த வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஸ்பீடு பாருங்க. போனை சிபியு மேலயே வச்சு பாத்தும் நல்ல ஸ்பீடு வந்தா அந்த எடத்துல சிக்னல் இருக்கு, கார்டோ ஆன்டெனாவோ டிரைவரோதான் சரியில்ல. போன்லயும் அதே இழுவைன்னா அந்த மூலைக்கே சிக்னல் வரல, நீங்க புதுசா என்ன டாங்கிள் வாங்கினாலும் பெருசா மாறாது.

ஸ்பீடு பாக்கும்போது ஒண்ணு, டவுன்லோடு விண்டோவுல 12 எம்பின்னு காட்டுறதும் பிளான்ல 100 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கறதும் ஒரே விஷயம்தான், அது பைட் கணக்கு, இது பிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், 100-ஐ எட்டால வகுங்க. இதுக்காக சண்டை போட்டவங்களை பாத்திருக்கேன்.

சிக்னல் எவ்வளவு வருதுன்னு நம்பரா பாக்கணும்னா கமாண்ட் பிராம்ப்ட்ல நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ்னு நாலு வார்த்தை ஸ்பேஸ் விட்டு இங்கிலீஷ்ல (netsh wlan show interfaces) அடிங்க. புது விண்டோஸ் 11-ல லொகேஷன் ஆன் பண்ணச் சொல்லும், பண்ணிக்கோங்க. அதுல சிக்னல்னு ஒரு சதவீதம் வரும். 100 சதவீதம்னா மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு), 0 சதவீதம்னா மைனஸ் 100, நடுவுல சமமா பிரிச்சுக்கலாம், அப்ப 60 சதவீதம்னா மைனஸ் 70. அதுக்கு கீழ போனா வீடியோ கால்ல "ஹலோ கேக்குதா, ஹலோ"தான். அதே எடத்துல ரிசீவ் ரேட்னு ஒண்ணு இருக்கும், ரவுட்டரும் கார்டும் தங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்ட வேகம் அது, உங்க கைக்கு வர்றது அதுல பாதி, கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். 72-ன்னு இருந்தா நிஜத்துல 40 வந்தாலே பெரிய விஷயம், 433, 866-ன்னு இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ்ல (வைஃபை 2.4, 5-ன்னு ரெண்டு அலைவரிசையில ஓடும், அதைத்தான் பேண்டுங்கறாங்க) நல்லபடியா இருக்கீங்க.

இப்ப எடத்தை மாத்துங்க, காசு செலவில்லாத வைத்தியம் இது. சிபியுவை மேஜை மேல தூக்கி வைக்க முடிஞ்சா வைங்க, முடியலன்னா பின்பக்கம் ரூம் பக்கம் வர்ற மாதிரி கொஞ்சம் திருப்பி வைங்க, செவத்துல இருந்து ஒரு அடி தள்ளி. அசிங்கமா இருக்குன்னு வீட்டுல சொல்லுவாங்க, டெஸ்ட் பண்றதுக்கு ஒரு நாள்னு சொல்லி வைங்க. குச்சி ஆன்டெனாவை எப்பவும் நேரா நிமித்தி வைங்க, அதோட நுனி ரவுட்டரை சுட்டிக் காட்டுற மாதிரி வைக்கக் கூடாது, ஏன்னா அந்தக் குச்சி சிக்னலை பக்கவாட்டுல உளுந்து வடை மாதிரி சுத்தி பரப்புது, நுனிப் பக்கம் இருக்கறது வடையோட ஓட்டைதான். இதுக்குன்னே ஒயரோட வர்ற ஆன்டெனா இருக்கு, அடியில காந்தம் இருக்கும், பின்னாடி திருகிட்டு ஆன்டெனாவை மேஜை மேல கொண்டு வந்து வச்சுக்கலாம். சிபியு கீழயே இருக்கட்டும்னு அடம் புடிக்கிறவங்களுக்கு அதுதான் வழி.

ரூம்ல பீரோ எங்க இருக்குன்னும் பாருங்க. இரும்பு பீரோ, அதுவும் ஆளுயர கண்ணாடி வச்சது, ரவுட்டருக்கும் சிபியுவுக்கும் நடுவுல வந்தா அது ஒரு சுவருக்கு சமம், இல்ல, சுவரே பரவால்ல. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். மாடி ரூம்னா நடுவுல இருக்குற கான்கிரீட் தளத்துல கம்பி வலை மாதிரி பின்னியிருக்கு, அதனால ரவுட்டருக்கு நேர் மேல இருக்குற ரூமுக்கே சில வீட்டுல சிக்னல் வராது, படிக்கட்டு பக்கம் நின்னா மட்டும் வரும். படிக்கட்டு ஓட்டை வழியாத்தான் சிக்னல் மாடிக்கு ஏறுதுன்னு புரிஞ்சா ரவுட்டரை எங்க வைக்கணும்னும் புரிஞ்சிடும். ஆனா நம்ம ஊர்ல லைன் போட வர்றவர் வாசக்கதவு பக்கத்துல எங்க ஆணி அடிக்க வசதியோ அங்க மாட்டிட்டு போயிடுவாரு, நாமளும் ஒயர் தெரியுதுன்னு அதை டிவி ஸ்டாண்டுக்குள்ள தள்ளி கதவை சாத்திடுவோம். வெளிய எடுத்து ஆள் உயரத்துல வச்சாலே போதும் பல வீட்டுல. ஃபைபர் ஒயரை மட்டும் மடக்கி சுருட்டி இழுக்காதீங்க, அது உள்ள கண்ணாடி, ரொம்ப வளைஞ்சா வெளிச்சம் கசியும்.

அடுத்தது டாங்கிள் வச்சிருக்குறவங்க. இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. யுஎஸ்பி 3 போர்ட், அதான் உள்ள நீலக் கலரா இருக்குமே, அதுல டேட்டா போகும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமா இரைச்சல் கிளப்பும். இது புரளி இல்ல, இன்டெல் கம்பெனியே 2012-ல அளந்து பாத்து ஒரு அறிக்கை போட்டிருக்கு. உங்க வைஃபையும் அதே 2.4-ல ஓடுதுன்னா, பக்கத்து போர்ட்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை குத்தி படம் காப்பி பண்ண ஆரம்பிச்ச உடனே நெட் படுத்துடும், காப்பி முடிஞ்சதும் தானா எழுந்துக்கும். ஒயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்து போறதுக்கும் இதே காரணமா இருக்கலாம். எதோ வைரஸ்னு நெனச்சு ஃபார்மட் பண்ணவங்க உண்டு, நானும் ஒரு காலத்துல அந்தக் கூட்டம்தான்.

தீர்வு சப்புன்னு இருக்கும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, ஒரு முனையை கருப்பு கலர் போர்ட்ல, அதாவது யுஎஸ்பி 2-ல குத்தி, டாங்கிளை இன்னொரு முனையில மாட்டி, மானிட்டர் மேலயோ ஷெல்ஃப்லயோ ஒட்டி விட்டுடுங்க. இரைச்சல்ல இருந்தும் தள்ளிப் போச்சு, தகர டப்பாவுல இருந்தும் தள்ளிப் போச்சு. யுஎஸ்பி 2-ன்னா ஸ்பீடு குறையாதான்னு கேப்பீங்க, அதோட பேப்பர் கணக்கு 480 எம்பிபிஎஸ், நிஜத்துல அதை விட கம்மிதான், ஆனா 100, 150 பிளான் வச்சிருக்குறவருக்கு அது தாராளம். ஒயர் வாங்கவும் சோம்பேறித்தனமா இருந்தா குறைஞ்சபட்சம் பின்னாடி குத்தியிருக்குறதை முன்பக்கத்துக்கு மாத்துங்க.

நகம் அளவுக்கு இருக்குற குட்டி டாங்கிளை பத்தியும் சொல்லிடறேன். டப்பா மேல 150-ன்னு போட்டிருக்கும், அது 2.4-ல மட்டும் ஓடும், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்னா 72-தான் அதிகபட்சம், கைக்கு வர்றது 30, 40. அது உள்ள ஆன்டெனாவுக்கு எடமே இல்ல, நாள் முழுக்க ஓடினா தொட்டா சுடும். அவசரத்துக்கு வச்சுக்கலாம், ஆபீஸ் வேலைக்கு நம்பக்கூடாது. வாங்குறதா இருந்தா ரெண்டு பேண்டும் இருக்குற, வெளிய குச்சி நீட்டிட்டு இருக்குற மாடலா வாங்குங்க, மதர்போர்டுல ஸ்லாட் இருந்தா பிசிஐஇ கார்டு இன்னும் நல்லது.

பேண்டுன்னு சொன்னதும் சேனல் கதைக்கு வந்துடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மொத்தமா இருக்குற எடமே 80 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், இதுல ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஓடக்கூடிய சேனல் 1, 6, 11-ன்னு மூணே மூணு. இதுலதான் உங்க அபார்ட்மென்ட்ல இருக்குற எல்லா ரவுட்டரும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அவனும் கூட்டமா நிக்குது, பீக் அவர் டவுன் பஸ் மாதிரி. 5 கிகாஹெர்ட்ஸ் விரிஞ்சு கெடக்கு, ஆனா செவத்தை தாண்ட அதுக்கு தெம்பு கம்மி. ஒரே ரூம் இல்ல பக்கத்து ரூம்னா கண்ணை மூடிட்டு 5-க்கு மாறிடுங்க, ரெண்டு செவுரு தாண்டினா ரெண்டையும் வச்சு அளந்து பாருங்க.

இப்ப வர்ற ரவுட்டர்ல ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் வச்சு தானா மாத்திக்கற மாதிரி குடுக்கறாங்க, போனுக்கு அது வசதி, ஆனா டெஸ்க்டாப் எங்கயும் நடந்து போறதில்லையே. பூட் ஆகும்போது 2.4-ஐ புடிச்சா அன்னைக்கு முழுக்க அதுலயே தொங்கிட்டு கெடக்கும். ரவுட்டர் பேஜ்ல (பிரவுசர்ல அந்த டிஃபால்ட் கேட்வே நம்பரை அடிச்சா வர்ற பக்கம்) போய் 5-க்கு தனிப் பேர் வச்சு, டெஸ்க்டாப்ல அந்தப் பேரை மட்டும் சேவ் பண்ணி, பழைய பேரை ஃபர்கெட் குடுத்துடுங்க. ரவுட்டரை தொட பயமா இருந்தா டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு டேப்ல பிரிஃபர்டு பேண்டுன்னு இருக்கும், நிறைய கார்டுல இருக்கும், அதை 5-க்கு வைங்க.

ரவுட்டர் பேஜுக்குள்ள போறவங்க இன்னும் ரெண்டு மூணு எடம் பாத்துட்டு வாங்க. 2.4-ல சேனல் அகலம் 40-ன்னு இருந்தா 20 ஆக்குங்க, நெரிசல்ல அகலமா நடந்தா இடிதான் அதிகம். சேனல் 12, 13-ல இருந்தா 1, 6, 11-ல ஒண்ணுக்கு கொண்டு வாங்க, சில டாங்கிளுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது, "போன்ல தெரியற வைஃபை கம்ப்யூட்டர்ல தெரியல"ங்கற கேசுல சிலது இது. 5-ல சேனல் 36-ல இருந்து 48 வரைக்கும், இல்லன்னா 149-ல இருந்து 161 வரைக்கும் வச்சா நிம்மதி. நடுவுல இருக்குற 52-லேந்து 144 வரைக்கும் ரேடாரோட பங்கு போட்டுக்கற எடம், ரேடார் மாதிரி எதாவது காதுல விழுந்தா ரவுட்டர் சட்டுனு அந்த சேனலை விட்டு ஓடிடும், புதுசா போற சேனலும் அதே ரகம்னா ஒரு நிமிஷமாவது சும்மா கேட்டுட்டு அப்புறம்தான் வாயைத் தொறக்கும். காரணமே இல்லாம நாள்ல ரெண்டு தடவை 5 காணாம போய் திரும்பி வருதுன்னா இதை பாருங்க. செக்யூரிட்டி எடத்துல டிகேஐபின்னு (TKIP, பழைய பூட்டு முறை) எங்கயாவது இருந்தா ஏஇஎஸ்-க்கு (AES) மாத்துங்க, டிகேஐபி இருந்தா வைஃபை 54-க்கு மேல பேசாது, எவ்வளவு பெரிய ரவுட்டரா இருந்தாலும் சரி.

இனிமேதான் விண்டோஸ். ஸ்பீடு நல்லா இருக்கு ஆனா கட் ஆயி கட் ஆயி வருது, கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு வந்தா நெட் இல்லங்கறவங்க டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டை டபுள் கிளிக் பண்ணி பவர் மேனேஜ்மென்ட் டேப்ல, கரென்ட் மிச்சம் பண்றதுக்காக இந்த டிவைஸை ஆஃப் பண்ணலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. அது பேட்டரியில ஓடுற லேப்டாப்புக்கு வச்சது, செவத்துல பிளக் குத்தி ஓடுற டெஸ்க்டாப்புக்கு அந்தக் கஞ்சத்தனம் எதுக்கு? கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் உள்ள அட்வான்ஸ்டுல ஒயர்லெஸ் அடாப்டர்னு ஒண்ணு தெரிஞ்சா அதையும் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் வைங்க, டாங்கிள்காரங்க அங்கயே யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்டையும் டிசேபிள் பண்ணுங்க.

டிரைவர் விஷயத்துல என் அபிப்ராயம் என்னன்னா, நல்லா ஓடிட்டு இருக்குறதை சும்மா அப்டேட் பண்ணாதீங்க. போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு, விண்டோஸ் அப்டேட் ஆனதுல இருந்து இப்படின்னா டிரைவர் டேப்ல ரோல் பேக் குடுத்து பழைய டிரைவருக்கே திரும்பிப் பாருங்க. முதல்ல இருந்தே சரியில்லன்னா மதர்போர்டு கம்பெனி சைட்லயோ, இன்டெல் கார்டுன்னா இன்டெல் சைட்லயோ போய் எடுத்து போடுங்க, டிரைவர் அப்டேட் பண்ணித் தர்றேன்னு விளம்பரத்துல வர்ற சாஃப்ட்வேரை மட்டும் தொடாதீங்க. புது வைஃபை 6 ரவுட்டர் மாத்தினதுக்கு அப்புறம் பழைய இன்டெல் கார்டுக்கு அந்த வைஃபை பேரே தெரியலன்னா பழைய டிரைவர்தான் காரணமா இருக்கும், புதுசு போட்டா தெரியும். இன்னொண்ணு, மதர்போர்டு வைஃபையும் டாங்கிளும் ரெண்டும் ஒண்ணா ஆன்ல இருந்தா எதுல போகுதுன்னு குழப்பம்தான், ஒண்ணை டிசேபிள் பண்ணுங்க.

எத்தனை மணிக்கு கட் ஆச்சு, ஏன் ஆச்சுன்னு விண்டோஸே கணக்கு வச்சிருக்கு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா தொறந்து முன்ன சொன்ன அதே கமாண்ட்ல கடைசி வார்த்தை இன்டர்ஃபேசஸ்க்கு பதிலா டபிள்யூலேன்ரிப்போர்ட்னு (wlanreport) சேத்து அடிச்சா கடைசி மூணு நாள் கதையை ஒரு வெப் பேஜ் மாதிரி போட்டுக் குடுக்கும். அந்த கட் ஆன நேரத்தை ரவுட்டர் பேஜ்ல இருக்குற அப்டைமோட (ரவுட்டர் ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆச்சுங்கற கணக்கு) ஒப்பிட்டு பாருங்க. நீங்க தொடாமலே ரவுட்டர் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஆன் ஆனதா காட்டினா, பாவம் கம்ப்யூட்டர் என்ன பண்ணும், ரவுட்டரே விழுந்து எழுந்திருக்கு. ரவுட்டர் அடாப்டர் வயசாயிருக்கும், இல்லன்னா கரென்ட் போய் இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடியில ரீஸ்டார்ட் ஆகும். அடாப்டர் மாத்தும்போது வோல்ட் அதே வோல்ட்டா இருக்கணும், ஆம்ப் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கணும், அதுல மட்டும் சமாளிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. ரவுட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்குது, கரென்ட் அடிக்கடி போற ஏரியான்னா வாங்கி வைக்கலாம்.

ரவுட்டர் பிங் அமைதியா இருக்கு, 8.8.8.8 மட்டும் குதிக்குதுன்னா வீட்டுல யாரோட போன் போட்டோவெல்லாம் மேல ஏத்திட்டு இருக்குன்னு பாருங்க. கல்யாணத்துக்கு போயிட்டு வந்த அன்னைக்கு நாலு போனும் வைஃபையை பாத்ததும் ஆயிரம் போட்டோவை பேக்கப் எடுக்க ஆரம்பிச்சா அப்லோடு அடைச்சுக்கும், அப்லோடு அடைச்சா டவுன்லோடும் சேந்து தள்ளாடும். அதை ராத்திரிக்கு மாத்தச் சொல்லுங்க, ரவுட்டர்ல ஒவ்வொரு போனுக்கும் அளவு வைக்கற வசதி இருந்தா வைங்க. யாரும் எதுவும் பண்ணல, சாயங்காலம் ஆனா மட்டும் இழுக்குதுன்னா லைன்காரரைத்தான் புடிக்கணும், அப்ப அந்த பிங் விண்டோவை போட்டோ புடிச்சு அனுப்புங்க, "உங்க வைஃபைலதான் சார் ப்ராப்ளம்"னு சொல்லி தட்டிக் கழிக்க முடியாது.

டிஎன்எஸ் மாத்துறதுல புது சைட் தொறக்கறது கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கலாம், டவுன்லோடு ஸ்பீடு ஒரு எம்பி கூட ஏறாது. நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம், சேவ் பண்ணின பாஸ்வேர்டு, ஆபீஸ் விபிஎன் எல்லாம் அதோட போயிடும், எழுதி வச்சுட்டு பண்ணுங்க. சிக்னலை வாங்கி திருப்பி அனுப்புற எக்ஸ்டென்டர் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க, ஒரே பேண்டுல வாங்கி அதே பேண்டுல திருப்பி குடுக்கற மாடல் ஸ்பீடை பாதியாக்கிடும், சிக்னல் செத்துப்போன எடத்துல அதை மாட்டினா செத்த சிக்னலைத்தான் திருப்பி குடுக்கும், நடு வழியில மாட்டணும்.

இவ்வளவும் சொல்லிட்டு உண்மையை சொல்றேன், நகராத கம்ப்யூட்டருக்கு வைஃபை எதுக்குங்கற கட்சி நான். லேன் ஒயர் இழுக்க வழி இருந்தா இழுத்துடுங்க. கேட் 5இ ஒயரே 1000 எம்பிபிஎஸ் தாங்கும், 100 மீட்டர் வரைக்கும் போகும், நம்ம வீட்டுக்கு அதுவே ஜாஸ்தி. டிவி கேபிள் போற ஓட்டை வழியாவோ, படிக்கட்டு ஓரமா கிளிப் அடிச்சோ கொண்டு போகலாம், ஆனா கரென்ட் ஒயர் போற பைப்புக்குள்ள மட்டும் சேத்து விடாதீங்க, எலக்ட்ரீஷியன் ஈஸியா இருக்குன்னு சொன்னாலும் வேணாம்னு சொல்லுங்க. வாங்கும்போது முழு செம்பு ஒயரான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்து மேல செம்பு பூசினது பாதி விலைக்கு கெடைக்கும், நாலு தடவை வளைச்சா உள்ளயே ஒடிஞ்சிடும். உள்ள நாலு ஜோடி கம்பி இருக்கு, அதுல சில ஜோடி விட்டா 1000 பேச வேண்டியது பல நேரம் 100-க்கு எறங்கி ஓடும், கட் ஆகாது, அதனால கண்டுபுடிக்கவே மாட்டீங்க, லிங்க் ஸ்பீடை ஒரு தடவை பாத்துக்கோங்க. சில ஃபைபர் பெட்டியில ஒரு லேன் போர்ட் மட்டும்தான் 1000, மத்ததெல்லாம் 100, அதையும் பாத்து குத்துங்க.

மச்சினன் வீட்டுல ஆன்டெனா மாட்டின பிறகு வந்த அம்பது அவனுக்கு ரெண்டு மாசம்தான் தாங்குச்சு, அப்புறம் ஆன்லைன் கேம் ஆரம்பிச்சுட்டான். பழையபடி போன் வந்துச்சு, "மாமா, பிங் ஜம்ப் ஆகுது." பிங் பாக்கக் கத்துக் குடுத்ததே தப்புன்னு நெனச்சுக்கிட்டு, படிக்கட்டு வழியா 25 மீட்டர் ஒயர் இழுத்து குடுத்துட்டு வந்தேன். அந்த ரெண்டு குச்சியை கழட்டாதடா, புளூடூத்துக்கு வேணும்னு சொல்லியிருக்கேன், திரும்ப பரணுக்கு போயிருக்கும்னுதான் நெனைக்கிறேன்.